மூன்றரைக் கட்டை

சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகி, ஒரு மிடறு குடித்து, மூடியைத் திரும்ப இறுக்கிய பிறகுதான் மெலனி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வாள். கேட்டவர் பஸ் நடத்துநராக இருந்தாலும் சரி, பங்குத்தந்தையாக இருந்தாலும் சரி. "எங்க இறங்கிறீங்கள் தங்கச்சி?" என்று கேட்டவர், அவள் குடித்து முடிக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காத்திருந்ததற்குப் பெரிய பதிலும் வராது. "சீனக்குடா." அவ்வளவு. ஊமைப் பிள்ளை என்று இரக்கப்பட்டு எழுந்து இடம் கொடுத்தவர்களும் உண்டு. அவள் மறுக்காமல் இருந்துகொள்வாள். இல்லை, எனக்கு வாய் இருக்கிறது என்று விளக்கப் போனால் நாலு சொல் செலவாகுமே.

இந்தச் சிக்கனம் பிறவிக் குணம் அல்ல. "முந்தி இவளின்ர வாய்க்குப் பயந்து நான் வீட்டில றேடியோவே வாங்கேல்ல" என்பாள் தாய் சீலா. இருவரும் திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறார்கள். தகப்பன் இல்லை. மெலனிக்கு முப்பத்துநாலு வயது. மட்டக்களப்பில், பல்கலைக்கழகத்தில், கர்நாடக சங்கீதத்தில் பட்டம் படிக்கிறாள். எழுத்துப் பாடங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். வாய்ப்பாட்டுச் செய்முறைப் பரீட்சை ஒன்றே ஒன்று மிச்சம். அதில் தேறினால் சங்கீத ஆசிரியைக்கு விண்ணப்பிக்கலாம். கடைசியாக வந்த அறிவித்தலில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இருந்தது. அவளுக்கு வருகிற கார்த்திகையில் முப்பத்தைந்து முடிகிறது.

அவளோடு தெருவில் நடந்து போவது ஒரு தனி அனுபவம். பேசமாட்டாள், ஆனால் திடீரென்று நின்று, காதைக் கொடுத்து, விரல்களை விரித்துக் காட்டுவாள். மூதூர்ப் படகு ஊதினால் இரண்டு விரல். கடற்படைத் தளத்துச் சங்கு பிடித்தால் நாலு விரல், ஐந்தாவது பாதி மடங்கியிருக்கும். கச்சேரி என்கிற அரச அலுவலகத்துப் பக்கம் மேய்கிற மான் கனைத்ததற்கு ஒருநாள் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கையை விரித்துவிட்டாள். மானுக்குச் சுருதி சுத்தம் இல்லையாம். வீட்டுக் குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்தில் கூவினால், "ஆறு" என்று உள்ளே இருந்து குரல் வரும். இதற்கு மட்டும் அவள் சொல் செலவழிப்பாள்.

விஷயம் இதுதான். பாடுகிறவரின் சுருதியைக் கட்டை என்று எண்ணிச் சொல்வார்கள். ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்து வந்த கணக்கு. எண் கூடினால் சுருதி மேலே போகும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில். எவருக்கு எது வாய்த்ததோ அதில் பாடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, நாலுக்குக் கீழே பாடுகிற பெண் பிள்ளையைக் கண்டால் அவர்களே தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். மெலனி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது ஐந்து கட்டையில் பாடினாள். சாதாரண ஐந்து அல்ல. மேல் ஸ்தாயிக்குப் போனால் ஆணி அடித்த மாதிரி நிற்கிற ஐந்து. நேர்முகத் தேர்வில் அவள் பாடி முடித்ததும் ஒரு விரிவுரையாளர், "எங்க பிள்ளை படிச்சனீர்?" என்று கேட்டார். "கோயில்ல" என்றாள். மாதா கோயில் என்று தெரிந்ததும் அவர் இன்னும் ஒருதடவை பாடச் சொன்னார்.

அந்த வாசலுக்கு வரவே அவளுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. உயர்தரப் பரீட்சையில் இரண்டு தடவை வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்து தவறியவள். படுக்கையில் கிடந்த தகப்பனின் வருத்தத்தோடு சில வருடங்கள் போயின. மூன்றாவது தடவை தனியார் பரீட்சார்த்தியாக எழுதி எடுத்தாள். நாலு வருடப் படிப்பு, கொரோனா, எரிபொருள் வரிசை, வேலைநிறுத்தம் என்று ஆறு வருடமாக இழுபட்டது. பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்த காலத்தில்தான் சீனக்குடாப் பக்கத்து மீன் கொம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். திறந்த பிறகும் விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் விரிவுரை, மூன்று நாள் கொம்பனி, ஞாயிறு கோயில். விடுதிக்கும் பஸ்ஸுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

கொம்பனியில் சூரை மீனைத் துண்டு போட்டுப் பொதி செய்யும் அறை ஒன்று உண்டு. உள்ளே போகும்போது கம்பளித் தொப்பியும் முழங்கால்வரை றப்பர் சப்பாத்தும் போட வேண்டும். கூரையில் நாலு பெரிய குளிர்விசிறிகள் நாள் முழுக்க உறுமும். ஒரு முனையில் ஒருத்தி பொதியை நிறுப்பாள். மறுமுனையில் ஒருத்தி காகிதத் துண்டில் நிறையை எழுதி ஒட்டுவாள். நடுவில் பதினைந்து பேரும் விசிறிச் சத்தமும். நிறுக்கிறவள் கத்தினால்தான் எழுதுகிறவளுக்குக் கேட்கும். சேர்ந்த மூன்றாம் நாளே மேற்பார்வையாளர் மெலனியைக் கண்டுபிடித்துவிட்டார். "உன்ர குரல்தான் இந்தச் சத்தத்தை வெட்டிக்கொண்டு வருது. தராசில நில்லு" என்றார். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. தன் குரலுக்கு முதன்முதலாகக் கிடைத்த உத்தியோகம் அல்லவா?

மறுமுனையில் எழுதுகிறவள் கிண்ணியாவிலிருந்து வருகிற பஸ்மியா. நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகளின் தாய், எழுத்து மணிமணியாக இருக்கும். முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தாள்.

"என்ன புள்ள, நீ நிறை சொல்றியா, பாட்டுப் படிக்கிறியா?"

"ரெண்டும்தான் அக்கா. மேல விசிறி சுருதி போடுது. அஞ்சு கட்டை. வடிவாக் கேளுங்கோ."

பஸ்மியா கேட்டுப் பார்த்தாள். அவளுக்கு விசிறிதான் கேட்டது. மெலனிக்கோ அது சரியாக அவளுடைய ஐந்து. அந்த உறுமலை ஸட்ஜமாகப் பிடித்து, "ரெண்டு எழுநூறு" என்பதைப் பஞ்சமத்தில் ஏற்றி, "ஒண்டு தொளாயிரம்" என்பதை இறக்கி, எட்டு மணித்தியாலமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் சிரித்தார்கள். சலித்துப்போன பிற்பகல்களில் நிறையைச் சேர்ந்து பாடவும் செய்தார்கள். சாதகம் செய்யச் சம்பளமும் தருகிறார்கள் என்று மெலனி வீட்டில் வந்து சொன்னாள்.

குரல் ஒரேயடியாகப் போகவில்லை. மூன்றாம் வருடத்தில் ஒரு காலை, மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்பு. "பனி" என்றாள். கைபேசியில் இருந்த சுருதிப்பெட்டியை அரைக் கட்டை இறக்கி வைத்துப் பாடினாள். "இண்டைக்கு மட்டும்." அந்த இன்றைக்கு இரண்டு மாதம் நீண்டது. பிறகு நாலு கட்டை. அதுவும் இன்றைக்கு மட்டும்தான். கடைசி வருடம் தொடங்கியபோது, ஆர்மோனியத்தில் கட்டையே இல்லாத, சுருதிப்பெட்டியில் மட்டும் வைக்கக்கூடிய மூன்றரையில் வந்து நின்றாள். வகுப்பில் பெண்கள் எல்லாரும் ஐந்தில் சேர்ந்து பாடும்போது, கீழே வருமிடத்தில் குரல் கொடுப்பாள். மேலே போகுமிடத்தில் வாயை மட்டும் அசைப்பாள். ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பது பேர் பாடும்போது ஒரு வாய் பொய் சொன்னால் யார் பிடிப்பார்கள்?

குளிரறை விசிறி மட்டும் இறங்கவில்லை. அது அதே ஐந்தில் உறுமிக்கொண்டு நின்றது. அவள் மூன்றரையில் நிறையைக் கத்தினாள். காது கெட்டவர்களுக்கு அது ஒன்றுமில்லை. சுருதி தெரிந்தவளுக்கு, நாள் முழுக்க அபசுரத்துக்குள் நிற்பது பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி. வேலை முடிந்து வெளியே வந்ததும் மதிலில் சாய்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பாள். தலையிடி என்று நினைத்து பஸ்மியா சித்தாலேப தைலம் தேய்த்துவிடுவாள்.

போன வருடம் செய்முறைப் பரீட்சைக்கு விண்ணப்பப் படிவம் வந்தது. பெயர், சுட்டெண், பாடும் உருப்படிகள், பக்கவாத்தியம். அதற்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி: சுருதி. மெலனி ஐந்து என்று எழுதினாள்.

அது பொய்தான். ஆனால் எழுதும்போது அவளுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. முதலாம் வருடம் ஐந்து என்று எழுதினாள், இரண்டாம் வருடமும் ஐந்து. இப்போது மூன்றரை என்று எழுதினால் விரிவுரையாளர் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார். மீன் கொம்பனியில் கத்தினேன் என்று எப்படிச் சொல்வது? பரீட்சைக்கு முன் மூன்று வாரம் லீவு எடுத்து, ஒரு சொல்லும் பேசாமல் கிடந்தால் ஐந்து தானாகத் திரும்பி வரும் என்று நம்பினாள். லீவு ஒரு வாரம்தான் கிடைத்தது.

அவளுக்கு மிருதங்கம் வாசித்தது ஜனுஷன், அதே பல்கலைக்கழகத்துப் பெடியன், அவளைவிடப் பத்து வயது இளையவன். படிவத்தில் இருந்ததைப் பார்த்து ஐந்து கட்டைக்குக் கட்டிய மிருதங்கத்தோடு வந்து உட்கார்ந்தான். பரீட்சகர்கள் மூன்று பேர். சுருதி சேர்க்கும்போது மெலனி அவன் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, கொஞ்சம் இறக்க ஏலுமே?"

"எவ்வளவு அக்கா?"

"ஒண்டரை."

அவன் கையில் இருந்த கல் அந்தரத்தில் நின்றது. "ஒண்டரையோ? இது அஞ்சுக்குக் கட்டினது. அரைக் கட்டை இறக்கலாம். அதுக்குக் கீழ போனால் தோல் தொங்கிப் போகும் அக்கா. சாக்கில தட்டின மாதிரிக் கேக்கும். முதலே சொல்லியிருந்தால் வேற பெரிய மிருதங்கம் கொண்டு வந்திருப்பன்."

"என்ன பிரச்சினை?" என்று கேட்டார் நடுவில் இருந்த பரீட்சகர். "ஐந்து எண்டுதானே போட்டிருக்கிறீங்கள்?"

"ஓம் சேர்" என்றாள் மெலனி.

ஐந்திலேயே பாடினாள். வர்ணத்தில் தப்பிவிட்டாள், வேகத்தில் குரலை ஒளிக்கலாம். கீர்த்தனையின் அனுபல்லவியில் ஒளிக்க இடமில்லை. மேல் ஸட்ஜத்தில் போய் நிற்க வேண்டிய இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்து, பிறகு வெறும் காற்று வந்தது. வேறு பிள்ளை என்றால் எழுந்து ஓடியிருக்கும். இவள் நிறுத்தவில்லை. குறித்துக் கொடுத்த உருப்படிகள் அத்தனையையும், காற்றாகவும் கரகரப்பாகவும், தாளம் ஒரு இடத்திலும் தவறாமல், கடைசிவரை பாடி முடித்துக் கும்பிட்டாள். ஜனுஷன் தலையை நிமிர்த்தவே இல்லை. வெளியே வந்து மிருதங்கத்துக்கு உறை போடும்போது அவன் கண்ணைத் துடைத்ததை அவள் கண்டாள். காணாத மாதிரி நடந்தாள்.

தேறவில்லை, பரீட்சைக்கு மீண்டும் தோற்ற வேண்டும் என்று முடிவு வந்தது. மற்றப் பாடங்களில் எடுத்த புள்ளிகளுக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வந்திருக்க வேண்டியவள். மீண்டும் தோற்றுகிறவருக்கு வகுப்பு இல்லை. எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சாதாரண சித்தி, வெறும் தேர்ச்சிதான். அடுத்த பரீட்சைக்கு ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்த டொக்டர், குரல்நாணில் இரண்டு பக்கமும் முடிச்சு என்றார். சந்தையில் கூவுகிறவர்களுக்கு வரும், அதைவிட அதிகமாக ஆசிரியர்களுக்கு வரும்.

"டீச்சரா இருக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர். வேலை கிடைக்க முதல் வருத்தம் வந்திட்டுது" என்றாள் மெலனி. டொக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே மருந்து வரிசையில் நின்றபோதுதான் அழுகை வந்தது.

கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, தேவையில்லாமல் பேசவே கூடாது என்று டொக்டர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தராசிலிருந்து மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். குடல் எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். நாற்றம் கூட, சம்பளம் குறைவு. பஸ்மியா அன்றைக்கு எழுதுகிற இடத்தை விட்டுத் தானாகத் தராசுக்குப் போனாள். "ஏன்ட குரல் கெட்டா யாருக்கு என்ன நட்டம்? ஏசுறதுக்கு மட்டும் இருந்தாப் போதும்" என்றாள். மாலைக்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாளும் போனாள். இதற்கெல்லாம் மெலனி நன்றி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நன்றி சொல்வதற்கும் குரல் வேண்டுமே என்பது பஸ்மியாவுக்கு விளங்கும்.

பத்து மாதம் அவள் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவை அவள்தான் நடத்தினாள், ஆனால் கையால் மட்டும். அல்பிரட் அங்கிள் ஓகன் வாத்தியம் வாசிக்க, பிள்ளைகள் பாட, அவள் முன்னால் நின்று தாளம் காட்டினாள். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்பிரட். நாற்பது வருடமாக ஒரே பாட்டை ஒரே இடத்தில் தொடங்குகிற மனிதர். "மெலனி வாய் திறக்கிற நாளைக்கு இந்தக் கோயிலுக்குப் பெருநாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் சீலாவும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். மாதா முன் மெழுகுதிரி எரிந்தபடி இருந்தது.

பங்குனி நடுவில், ஒரு காலை, மெலனி குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சுருதிப்பெட்டியை ஐந்தில் வைத்தாள். வெளியே விறாந்தையில் சீலா அரிசி புடைத்த கையோடு நின்றாள். முதலில் கீழ் ஸ்வரங்கள் வந்தன. கரகரப்பு இல்லை, சுத்தமாக வந்தன. மேலே போனதும் குரல் நின்றது. பிறகு சுருதி இறங்கியது. நாலரை. நாலு. மூன்றரையில் குரல் முழுதாக, தேன் மாதிரி, சீலா இதற்குமுன் கேட்டிராத ஒரு கனத்தோடு வந்தது. யாரோ வேறு ஒரு பொம்பிளை உள்ளே பாடுவதுபோல் இருந்தது. சீலா கதவைத் திறந்தபோது மகள் நிலத்தில் இருந்தாள்.

"நல்லாத்தானே கிடக்கு பிள்ளை?"

"அஞ்சு வராதம்மா." அன்றைக்கு அவள் போத்தலைத் தொடாமலே பேசினாள். "இனி வராது. டொக்டர் முதலே சொன்னவர், நான்தான் கேக்கேல்ல."

"மூண்டரையோ என்னவோ, அதில பாடன். பாட்டுத்தானே கேக்கினம்?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் அஞ்சில, அஞ்சரையில பாடுங்கள். நான் கீழ நிண்டு உறுமுறதோ? என்ர குரலைக் கேட்டு அதுகள் சிரிக்குங்கள் அம்மா. சோதினைக்கு இருக்கிற அந்த மூண்டு பேரும் எழுதுவினம், பெண் குரல் இல்லையெண்டு." அதோடு நிறுத்திக்கொண்டாள். சீலாவுக்குச் சங்கீதம் தெரியாது. மகள் எதற்காக இவ்வளவு வெட்கப்படுகிறாள் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. அரிசியோடு திரும்பிப் போனாள்.

இந்த வருடப் பரீட்சை உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. படிவத்தில் சுருதிப் பெட்டியை மெலனி வெறுமையாக விட்டுக் கொடுத்தாள். மிருதங்கக்காரரோடு கதைத்துச் சொல்லும்படி அலுவலகத்தில் சொன்னார்கள். ஜனுஷன் தானாகவே வாசிக்க வருகிறேன் என்றான். பெரிய வியாழன் வரைக்கும் அவன் நாலு தடவை அழைப்பு எடுத்தான்.

"அக்கா, அஞ்செண்டால் என்னட்டக் கிடக்கிறது காணும். மூண்டரையெண்டால் பெரிய மிருதங்கம் வேணும். வெருகல்ல ஒராளிட்ட இருக்கு, சனிக்கிழமை போய் எடுத்தால்தான் சுருதி ஏத்திப் பழக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ."

"பாப்பம் தம்பி."

"என்னத்தை அக்கா பாக்கிறது?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். இனி வராது என்று சொன்னாலும், ஐந்தைக் கட்டாயப்படுத்தினால் ஒருதடவையாவது வரலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. ஒரு மணித்தியாலம் கடித்துப் பிடித்தால் போதும். வந்தால் மரியாதையோடு தேறலாம். வராவிட்டால் போன வருடத்தின் கதைதான், அதற்குப் பிறகு வயதும் முடிந்துவிடும். இதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, பெரிய வெள்ளி, ஜனுஷனுக்கு அவள் சொல்ல வேண்டிய கடைசி நாள். வியாழன் பூசையோடு கோயிலில் மணி அடங்கிவிடும்; ஓகன், மேளம் எதுவும் சனி இரவு உயிர்ப்புத் திருவிழிப்புவரை தொடக்கூடாது. மணிக்குப் பதிலாக மரப்பலகையைத் தட்டுவார்கள். மூன்று மணி வழிபாட்டில் சனம் வரிசையாக வந்து சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யும்போது பசாம் பாட வேண்டும்; ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி அழுகிற ஒப்பாரி அது. வாத்தியம் இல்லாததால் ஒருவர் தொண்டையால் சுருதி கொடுத்துத் தொடங்க, சனம் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடமாக அந்த ஒருவர் மெலனி. அத்தனை அடியும் பாடமாகத் தெரிந்தவள் அவள் மட்டும்தான்.

வழிபாட்டுக்கு முன் அல்பிரட் அங்கிள் அவளிடம் வந்தார். ஓகனுக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத கைகளைப் பிசைந்தபடி நின்றார்.

"பிள்ளை, நீ தொடங்கித் தராட்டி ஒருத்தருக்கும் வராது. வழமையான இடத்தில தொடங்கு. சனத்துக்கு அதுதான் பழக்கம்."

"வழமையான இடத்தில ஏலாது அங்கிள்."

"ஒரு நாள்தானே. ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்."

ஒரு மணித்தியாலம் அந்த உயரத்தில், ஐந்து கட்டையில், பாடினால் செவ்வாய்க்கிழமைக்குக் குரலே இருக்காது. அவரிடம் அதை விளக்க அவள் முயலவில்லை. தலையைக் குனிந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

மரப்பலகை மூன்றுதரம் தட்டியது. கோயில் நிறைந்து, வாசலுக்கு வெளியிலும் வெள்ளை உடுப்போடு சனம் நின்றது. சிலுவையை உயர்த்தி வைத்தார்கள். முதல் வரிசை எழுந்து நடந்தது. எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கோயிலில் மெலனி வாய் திறந்தாள்.

மூன்றரையில் தொடங்கினாள். முன்வரிசை வாங்கில் இருந்த பெண்கள் திகைத்துப் போனார்கள். சிலர் பழைய உயரத்தில் பிடித்து, அது ஒட்டாமல், பாதியில் விட்டார்கள். ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. முதலடி முடிந்தபோது கோயிலுக்குள் பாடிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். கனத்த, இருண்ட, பெண்ணுடையதா ஆணுடையதா என்று சட்டென்று சொல்ல முடியாத குரல். பாடற்குழுவில் ஒரு பிள்ளை வாயைப் பொத்தியது. சுருதி பிழைத்தால் நிறுத்தித் திரும்பத் தொடங்குவது அங்கே வழக்கம், அதில் குறை இல்லை. சனம் அதற்காகத்தான் காத்து நின்றது. அல்பிரட் அங்கிள் மூடிக் கிடந்த ஓகனுக்குப் பக்கத்தில் பாதி எழுந்து, கட்டைவிரலை மேலே மேலே என்று காட்டினார். சீலா பின்வரிசை வாங்கில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மெலனி நிறுத்தவில்லை. இரண்டாம் அடிக்கு மூச்செடுத்தபடி சனத்தின் பக்கம் முழுதாகத் திரும்பினாள். வலது கையை நெஞ்சு உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையை நிலம் பார்க்கத் திருப்பி, எல்லாரும் பார்க்கும்படி மெதுவாக இடுப்புவரை இறக்கி, அங்கேயே பிடித்துக்கொண்டாள்.